முன்னே நடந்தவர்கள் – 9: வளைந்த விரல்களும் இரண்டு மேசைகளும்

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி கண் டாக்டராக ஆசைப்பட்டவர் அல்ல. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் கிராமத்தில் 1918-ல் பிறந்தார். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேரைப் பிரசவம் காவு வாங்கியதைச் சிறுவயதில் பார்த்தவர், பிரசவம் பார்க்கும் டாக்டராவது என்று முடிவுசெய்தார். சென்னை ஸ்டான்லியில் படித்து 1944-ல் டாக்டராகி ராணுவத்துக்குப் போனார். அங்கே முடக்குவாதம் பிடித்தது. மூட்டுகள் வீங்கி, விரல்கள் கோணி, ஒரு வருஷத்துக்கு மேல் படுத்த படுக்கை. எழுந்து நடமாடியபோது, இந்தக் கையை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது என்பது உறுதியாகிவிட்டது.

கண் மருத்துவத்துக்கு மாறினார். பேனா பிடிக்கவே திணறிய விரல்கள், கருவிழியின் ஓரத்தில் கத்தி வைக்கப் பழக வேண்டியிருந்தது. தன் கை வளைவுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டார். ஆயுளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பலரும் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு வந்தது இதற்குப் பிந்தைய வாழ்க்கையால்தான். விடாப்பிடியாக உழைத்து மேலே வந்தவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள்; அடுத்தவர் கையை நம்ப மாட்டார்கள். இவரோ, தான் ஒருவன் எத்தனை கண்ணைத் திறந்தாலும் கிராமங்களில் புரை விழுந்து காத்திருப்போர் தீரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்.

1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீடு அடமானத்துக்குப் போனது. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே உள்ளே இறங்கியது. அண்ணன் கண்டிப்பானவர், வேலை அதிகம், சம்பளம் குறைவு.

அவர் யோசித்த விதத்தை ஆபரேஷன் தியேட்டரில் பார்க்கலாம். ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். கருவித் தட்டும் தயார். முதல் ஆபரேஷன் முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பி, சர்ஜன் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். கட்டுப் போடுவது, கைத்தாங்கலாக அழைத்துப் போவது எல்லாம் சிஸ்டர்கள் பொறுப்பு. அவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டு வருஷம் அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். பார்வை சோதிப்பது முதல் நோயாளிக்கு எடுத்துச் சொல்வது வரை அவர்கள் பார்த்துக்கொள்வதால், டாக்டரின் நேரம் டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு மிஞ்சுகிறது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்தபோதும், எல்லாக் கிளையிலும் ஒரே தரத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் அவருடைய கவனம் போனது.

கிராமங்களில் நடத்திய கண் முகாம்களில் சோதித்த பலர், இலவசம் என்று அறிவித்தும் ஆபரேஷனுக்கு வரவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் ஒருநாள் கூலி எல்லாம் சேர்ந்தால் ஏழைக்கு அது இலவசமாக இருக்காது. அதன்பின் மருத்துவமனையே வண்டி வைத்து அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, ஊரில் கொண்டுபோய் விட்டது. வராதவர்களை அறியாதவர்கள் என்று பழிக்காமல், தன் ஏற்பாட்டில் ஓட்டை எங்கே என்று தேடியதைத்தான் தலைமைக் குணம் என்று நினைக்கிறேன்.

லென்ஸ் விஷயத்திலும் அப்படியே. அன்றைக்குப் புரை எடுத்தவர்களுக்குக் கனத்த சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அது உடைந்தால் மறுபடி இருட்டு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு; ஏழைக்குக் கட்டுப்படியாகாது. 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் செய்து விலையைப் பல மடங்கு இறக்கினார்கள்.

அதே வருஷம் இன்னொரு காரியமும் நடந்தது. தங்கள் முறைகளை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்க 'லைக்கோ' என்ற பயிற்சி நிலையத்தைத் திறந்தார்கள். எத்தனை சிஸ்டர்கள் வேண்டும், தியேட்டரை எப்படி அமைப்பது, வரவுசெலவை எப்படிக் கட்டிக்காப்பது என்று ஒளிவுமறைவில்லாமல் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாக நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகள் அங்கே வந்து படித்துப் போயிருக்கின்றன. தொழில் ரகசியத்தைப் போட்டியாளருக்கு யாராவது கொடுப்பார்களா என்று கேட்கலாம். வெங்கடசாமிக்கு இன்னொரு கண் மருத்துவமனை போட்டியாகத் தெரியவில்லை. தான் போக முடியாத ஊர்களில் கண் திறக்க அங்கேயும் ஆள் வேண்டும் என்பதே அவர் கணக்கு.

(தொடரும்)