உஷார்! காய்ச்சல் விட்டபின் ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போகிறதா?

வைரஸ் காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. மேல்தாடையில் ஒரு பல் லேசாக ஆடுகிறது. அதே பக்கம் கன்னம் கனக்கிறது, மூக்கில் அந்தத் துவாரம் மட்டும் அடைத்திருக்கிறது. ஆளுக்கு ஏற்கெனவே சர்க்கரை. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், பல் டாக்டரிடம் போகலாமா, மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் பார்க்கலாமா என்று யோசிக்க நேரமில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தேடி இன்றே கிளம்புங்கள். விடிந்தால் மண்டிக்குத் தக்காளி போகணும், நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்பதெல்லாம் அப்புறம்.

இவை கருப்புப் பூஞ்சையின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்த நோய் கோவிடோடு வந்து கோவிடோடு போய்விட்டதாகத்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகவில்லை. கோவிடுக்கு முன்பே இந்த மியூக்கார்மைகோசிஸ் உலகிலேயே அதிகம் பதிவான நாடுகளில் ஒன்று இந்தியா. 2021-ல் அது வெடித்தது. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்ன கணக்கு: நாடு முழுவதும் 45 ஆயிரத்துக்கு மேல் நோயாளிகள், நாலாயிரத்துக்கு மேல் இறப்புகள். கண்ணையும் மேல்தாடையையும் இழந்து பிழைத்தவர்கள் தனி. 2021 இறுதியில், டெங்குவிலிருந்து மீண்ட ஒருவருக்கு இதே நோய் வந்ததை டெல்லி மருத்துவர்கள் வெளியே சொன்னார்கள். ஆக, கோவிட் இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைக்காரர்களுக்கு இந்தப் பூஞ்சையின் குடும்பம் புதிதல்ல. மண்டியில் கிரேட்டின் அடியில் நசுங்கிய தக்காளி இரண்டு நாள் கிடந்தால், மேலே பஞ்சு போலப் படர்ந்து, அதன் நுனியில் குண்டூசித் தலை போலக் கரும்புள்ளிகள் தெரியும். பெரும்பாலும் அது ரைசோபஸ். மனிதரின் மூக்குக்குள் இறங்குவது அதே வம்சத்தின் இன்னொரு இனம். இதற்காக மண்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். இதன் வித்துகள் மண்ணிலும் குப்பையிலும் காற்றிலும் எங்கும் இருக்கின்றன. தினமும் சுவாசிக்கிறோம், உடம்பு சமாளித்துவிடுகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டவும் ஒட்டாது.

உடம்பு சமாளிக்க முடியாமல் போவது எப்போது? சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். சர்க்கரை முற்றி ரத்தம் அமிலமானால், புரதத்தோடு கட்டுண்டிருக்கும் இரும்புச்சத்து அவிழ்ந்துகொள்ளும். அந்த இரும்புதான் பூஞ்சைக்குத் தீனி. இதற்கு மேல் ஸ்டீராய்டும் சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும், சர்க்கரை இன்னும் எகிறும். இந்தியா முழுவதும் கோவிடைத் தொடர்ந்து இந்த நோய் வந்த 2,826 பேரை வைத்துக் கண் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில் 78 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது, 87 சதவீதம் பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு, கோவிட் உறுதியான 14 நாளுக்குள் இந்த நோய் தலைகாட்டியது. மற்றவர்களுக்கு அதற்கும் பிறகு.

இந்தப் பூஞ்சை ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத சதை செத்துவிடும். மூக்கில் தெரியும் அந்தக் கருப்பு, செத்த சதையின் நிறம். அதாவது, கருப்பாகட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. நரம்பு செத்தால் வலி நின்றுவிடும். நேற்றுவரை துடித்த கன்னம் இன்று மரத்துப்போனதை ‘வலி குறைஞ்சிடுச்சு’ என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. வெளிச்சத்தில் கண்ணாடி முன் உட்கார்ந்து, பஞ்சைத் திரியாக்கி, கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், மேல் உதடு என்று இரண்டு பக்கமும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் உணர்வு மங்கலாக இருக்கிறதா? வாயைத் திறந்து அண்ணத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறம் மாறிய திட்டு, புண் ஏதாவது? மூக்கிலிருந்து பழுப்பாகவோ ரத்தம் கலந்தோ ஒழுகல்? இமை இறங்குகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா? கடைசியாகச் சொன்னவை வந்துவிட்டால் நோய் கண் குழிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு அடுத்தது மூளை.

சிக்கல் என்னவென்றால், இந்த நோய் நம்மைத் தப்பான வாசலுக்கு அனுப்பும். பல் ஆடினால் பல் கிளினிக், இமை வீங்கினால் கண் ஆஸ்பத்திரி, தலைவலி என்றால் மாத்திரை. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு மூன்று நாள் கரையும். சைனஸ்தான் என்று ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. மூக்கடைப்பையெல்லாம் சாதாரண சைனஸ் என்று முடிவுகட்டாதீர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் குறிப்பாக வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2021 மே மாதமே மருத்துவர்களை எச்சரித்திருந்தது. நாள் கரைவதன் விலை என்ன? ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு இதே பூஞ்சை வந்தபோது அமெரிக்காவின் ஹூஸ்டனில் கணக்கெடுத்தார்கள். மருந்து தொடங்க ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களில் 12 வாரத்துக்குள் 83 சதவீதம் பேர் இறந்தார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களில் 49 சதவீதம்.

பரிசோதனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எக்ஸ்ரே போதாது. ஆரம்ப நாட்களில் சிடி ஸ்கேனும் வெறும் சைனஸ் வீக்கம் போலத்தான் காட்டும், எலும்பு அரிப்பு தெரியும்போது நேரம் போயிருக்கும். பூஞ்சைக்கென்று செய்யும் கேலக்டோமேனன், பீட்டா டி குளுகன் ரத்தப் பரிசோதனைகள் இந்த வகையைப் பிடிக்காது. அதில் வரும் ‘நெகட்டிவ்’ பேப்பருக்கு இங்கே மதிப்பில்லை. மூக்குக்குள் எண்டோஸ்கோப்பி விட்டு நேரில் பார்க்க வேண்டும். வெளுத்தோ கறுத்தோ கிடக்கும் சதை, தொட்டால் ரத்தம் வராத, வலிக்காத இடம், இவைதான் மருத்துவர் தேடும் தடயங்கள். அங்கிருந்து ஒரு துண்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, கேஓஎச் கரைசல் ஒரு சொட்டு விட்டால் சதை கரைந்து பூஞ்சை தனியே தெரியும். தடுப்புச் சுவர் அதிகம் இல்லாத, ரிப்பன் போல அகன்ற இழைகள், ஏறக்குறைய செங்கோணத்தில் கிளை பிரிந்து கிடக்கும். இதற்கு விலையுயர்ந்த மெஷின் தேவையில்லை, அன்றைக்கே தெரிந்துவிடும். பயாப்சியும் கல்ச்சரும் உடனே அனுப்பப்படும், ஆனால் அந்த ரிசல்ட் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. கல்ச்சரில் பூஞ்சை வளராமலே போவதும் சகஜம். கண், மூளை வரை பரவியிருக்கிறதா என்று பார்க்க கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செத்த சதைக்கு மருந்து போய்ச் சேராது, அதனால் அறுவை செய்து நீக்கியே ஆக வேண்டும். கூடவே பூஞ்சையைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசின் ஊசி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. 2021-ல் அந்த ஊசி கிடைக்காமல் குடும்பங்கள் அலைந்தன. ஜூன் 12 அன்று அதன் ஜிஎஸ்டியையே முழுவதுமாக நீக்க வேண்டியிருந்தது.

ஸ்டீராய்டைத் திட்டி முடித்துவிடவும் முடியாது. ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளை டெக்சாமெத்தசோன் காப்பாற்றியது, தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதில் பலன் இல்லை. நான் பயப்படுவது பேர் தெரியாத செட் மாத்திரைக்குத்தான். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? அட்டையோடு கேட்டு வாங்குங்கள். டாக்டர் எழுதிய ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

நம் பகுதிக்கு ஒரு தனிப் பிரச்சினை. அட்மிட் ஆனது பெங்களூரில், தொடர் சிகிச்சை ஓசூரில், திடீரென்று முடியாமல் போனால் உள்ளூர் கிளினிக். முன்னால் என்ன ஊசி போட்டார்கள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் டெக்சாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசோலோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்கள் இருந்தால் பேனாவால் வட்டமிட்டுக் கையோடு கொண்டுபோங்கள். கிழக்கே கிருஷ்ணகிரியிலும் தெற்கே தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகிற இடத்தில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறதா, எண்டோஸ்கோப்பி இன்றே செய்வார்களா என்று போனில் கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை கொண்டுவருபவரிடம், காய்ச்சல் வந்துபோன வீடு என்று சொல்லிச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போனால் மூன்றைச் சேர்த்தே சொல்லுங்கள்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது, சமீபத்தில் வைரஸ் காய்ச்சல் வந்துபோனது, இப்போது முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது அல்லது மரத்திருக்கிறது. சொல்லிவிட்டு, மூக்குக்குள் எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.