கலியாணத்துக்கு வரும் 'விதவை'

சென்ற ஆவணியில் மேடவாக்கத்தில் ஒரு கலியாணம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில் மாடி மேல் மாடியாக எழும்பி நிற்கும் மண்டபங்களில் ஒன்று. வாசலில் கோலி சோடாக்காரர் கடை விரித்திருந்தார். இப்போதெல்லாம் கலியாணங்களில் இது ஒரு நாகரிகம்! பட்டுப் புடவை சரசரக்க வந்த பெண்மணிகள்கூட ஆளுக்கொரு பன்னீர் சோடாவை வாங்கி, கோலி உள்ளே விழும் ஓசையைக் கேட்டுக் குழந்தைகளாகிவிட்டார்கள்.

என் பெரியம்மாவும் ஒன்று குடித்தாள். அவளுக்கு வயது எண்பது. இருபத்தொன்பதாம் வயதில் கணவனை இழந்து, அப்பளமும் வடாமும் இட்டு விற்றே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். அந்த மூவரில் ஒருவர்தான் மணப்பெண்ணின் அப்பா. ஆனாலும், "சுமங்கலிகள் ஆரத்தி எடுக்க வாருங்கள்" என்று குரல் வந்ததும், பெரியம்மா எழுந்து வாசல் பக்கம் வந்துவிட்டாள். போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்றே, அதுதான் எனக்கு உறுத்திற்று.

"ஏண்டி, இந்த சீசாவுக்குள்ளே காற்றை எப்படி அடைக்கிறான்?" என்று கேட்டாள் பெரியம்மா. பதில் சொல்ல ஆரம்பித்த நான் பிரெஞ்சு தேசத்தில் போய் நின்றேன்.

சோடாவில் காற்றை யந்திரத்தால் ஏற்றுகிறார்கள். ஷாம்பேன் என்கிற பொங்கும் திராட்சை மதுவிலோ காற்று சீசாவுக்குள்ளேயே பிறக்கிறது. மதுவோடு சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து இறுக மூடிவிடுவார்கள். நம் இட்லி மாவை இரவில் பொங்க வைக்கிற அதே வேலைதான் உள்ளே நடக்கிறது. வெளியே போக வழியில்லாமல் வாயு மதுவிலேயே கரைந்து கிடக்கிறது. அந்த அழுத்தம் மோட்டார் டயரில் இருப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு! அந்தக் காலத்துக் கண்ணாடி இதைத் தாங்காது. வெயில் ஏறினால் ஒரு சீசா வெடிக்கும். அது பக்கத்துச் சீசாவை உடைக்கும். நிலவறையில் வேலை செய்கிறவர்கள் முகத்தில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு போனார்களாம்.

மதுவிலக்கை ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கி வைத்த மாகாணத்தில் பிறந்துவிட்டு இதை எழுதுகிறாளே என்று கோபிக்க வேண்டாம். சீசாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுதான் என் விஷயம். உலகத்தில் பேர் பெற்ற ஷாம்பேன் ஒன்றின் சீட்டில் 'வெவ் கிளிக்கோ' என்று போட்டிருக்கும். பிரெஞ்சில் 'வெவ்' என்றால் விதவை. விதவை கிளிக்கோ!

யார் இந்த அம்மாள்? ரேம்ஸ் நகரத்து ஜவுளி வியாபாரியின் மகள், பார்ப் நிக்கோல். பிறந்தது 1777. இருபது வயதில் பிரான்சுவா கிளிக்கோ என்பவரை மணந்தாள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய காலம் அது; மாதா கோயில் சடங்குகளைப் பகிரங்கமாகச் செய்ய முடியாததால் கலியாணமே ஒரு நிலவறையில் ரகசியமாக நடந்தது என்பார்கள். கிளிக்கோ குடும்பத்துக்கு ஜவுளியும் உண்டு, ஒயினும் உண்டு. கணவருக்கு ஒயினில்தான் மோகம். ஆனால் 1805-இல் காய்ச்சல் வந்து அவர் போய்விட்டார். பார்ப் நிக்கோலுக்கு அப்போது வயது 27. கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை.

பிள்ளையைப் பறிகொடுத்த மாமனார் கடையை மூடிவிடத் தீர்மானித்தார். மருமகள் அவர் எதிரில் போய் நின்று, "நான் நடத்துகிறேன்" என்றாள். மாமனார் நல்ல மனிதர். தொழில் தெரிந்த ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து நாலு வருஷம் கற்றுக்கொள் என்று நிபந்தனை போட்டுப் பணமும் கொடுத்தார்.

இங்கே ஒரு வேடிக்கை. 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த சட்டப்படி, கணவன் சம்மதமில்லாமல் மனைவி வியாபாரம் செய்ய முடியாது. கன்னிப் பெண்ணோ அப்பாவின் நிழலில் இருப்பவள். விதவைக்கோ யாருடைய கையெழுத்தும் வேண்டாம்! அந்தச் சொல்லையே அவள் கம்பெனியின் பெயராக்கி 1810-இல் தனியே தொழில் தொடங்கினாள்.

தொடங்கிய வேளை நல்ல வேளையல்ல. ஐரோப்பா முழுதும் யுத்தம், துறைமுகங்களில் முற்றுகை. 1811-இல் வானத்தில் வால்நட்சத்திரம் தோன்றிற்று. அந்த வருஷத்துத் திராட்சை அபாரமாக விளைந்தது. ஆனால் வாங்குவாரைக் காணோம். 1814-இல் நெப்போலியன் வீழ்ந்ததும், மற்ற வியாபாரிகள் யோசித்துக்கொண்டிருக்கையில், ருஷ்யாவின் தடை நீங்கும் முன்பே ஒரு கப்பலைப் பிடித்து 10,550 சீசாக்களை ரகசியமாக ஏற்றி அனுப்பினாள். உடைந்திருந்தாலும், பிடிபட்டிருந்தாலும் கிளிக்கோ குடும்பம் தெருவில் நின்றிருக்கும். சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, ருஷ்யப் பிரபுக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

அடுத்தது வண்டல் தொல்லை. ஈஸ்ட் தன் வேலை முடிந்ததும் அடியில் தங்கி மதுவைக் கலங்கலாக்கும். அதை இறுத்தால் வாயுவும் ஓடிவிடும். அந்த அம்மாள் தன் மேஜை ஒன்றில் சாய்வாகத் துளைகள் போடச் செய்து சீசாக்களைத் தலைகீழாகச் செருகினாள். சமையலறை மேஜை என்றும் சொல்வதுண்டு. நம்புவதற்கு எனக்கு ஆசைதான். தினமும் ஒவ்வொரு சீசாவையும் கொஞ்சம் திருப்பிவிட்டால், சில வாரங்களில் வண்டல் முழுவதும் கழுத்துக்கு இறங்கிவிடும். தக்கையைச் சட்டென்று எடுத்தால் அது மட்டும் வெளியே பாயும். 1816 வாக்கில் அவளும் அவளுடைய மேஸ்திரி ஆன்ட்வான் மியுல்லரும் கண்ட வழி இது. இன்று யந்திரங்கள் திருப்புகின்றன, உபாயம் அதுவேதான்.

1817-இல் மகளை ஒரு பிரபுவுக்குக் கட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை செலவாளி. கம்பெனிச் சாவியை அவர் கையில் கொடுக்காமல், எடுவார் வெர்லே என்ற சிப்பந்தியைக் கூட்டாளியாக்கிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் பயந்து வாழும் நம் மாமியார்கள் இதைக் கவனிக்கலாம்.

அவளுக்குப் பிறகு அதே ஊரில் லூயிஸ் பொமெரி. ஆய் கிராமத்தில் 1941-இல் கணவனை இழந்து, ஜெர்மானியர் ஆண்ட நாளிலும் சைக்கிளில் தோட்டம் சுற்றிய லில்லி பொலிஞ்சே. இருவரும் விதவைகளே. பொலிஞ்சே இன்றும் குடும்பத்தின் கையில்தான். கிளிக்கோ 1987 முதல் ஒரு பெரிய கம்பெனிக் கூட்டத்துக்குச் சொந்தம்.

நம் தேசத்திலும் 1980-களில் புனேவுக்கு அருகே நாராயண்காவில் சௌகுலே குடும்பத்தார் பிரெஞ்சு நிபுணர்களை வரவழைத்து இதே முறையில் மது தயாரித்தார்கள். வெளிநாடுகளில் 'ஓமர் கய்யாம்' என்று அது விலைபோயிற்று. பிற்பாடு கடன் ஏறி, 2008-க்குப் பின் அந்தத் தொழில் நொடித்துவிட்டது.

இதையெல்லாம் பெரியம்மா வாய் திறவாமல் கேட்டாள். "அவளுக்குப் பேத்தி உண்டோ?" என்றாள்.

"உண்டு. 1839-இல் பேத்திக்குக் கலியாணம். பிற்பாடு அதன் ஞாபகமாகப் பூர்சோ என்ற இடத்தில் ஒரு மாளிகையே எழுப்பினாள்."

"மாளிகை கிடக்கட்டும். கலியாணத்தன்று எங்கே உட்கார்ந்தாளாம்?"

நான் விழித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து மணப்பெண்ணின் குரல் கேட்டது. "பாட்டி எங்கே? போட்டோவுக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள், பாட்டியைக் கூட்டி வாருங்கள்!"

பெரியம்மா காலி சீசாவைக் கூடையில் வைத்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.