ஜூஸ் ஒன்றுதான், சுவை ஏன் இரண்டு? வேப் கருவியின் சூடும் நாக்கின் எச்சரிக்கையும்

மின்சிகரெட் பற்றி நாம் நடத்திய கருத்துக்களத்தில் கிள்ளானிலிருந்து ஒரு நேயர் தொலைபேசி வழியாகக் கேட்ட கேள்வி இது. "என் தம்பி வீட்டிலேயே ஜூஸ் கலக்குகிறான். அவன் கருவியில் இழுத்தால் மாம்பழ வாசம் வருகிறது. அதே போத்தலிலிருந்து என் கருவியில் ஊற்றினால் கருகிய சீனி மாதிரி இருக்கிறது. குறை ஜூஸிலா, கருவியிலா?" அரங்கில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கருகல் நாக்குக்கு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல, நுரையீரலுக்கும் சம்பந்தப்பட்டது. நேரம் போதாமல் அன்று விட்ட பதிலை இங்கே முழுமையாகத் தருகிறேன்.

முதலில் ஜூஸ் என்பது என்ன என்று பார்ப்போம். புரொப்பிலின் கிளைக்கோல், காய்கறி எண்ணெயிலிருந்து எடுக்கும் கிளிசரின், சுவையூட்டி, பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியவற்றின் கலவைதான் அது. கிளைக்கோல் தண்ணீர் போல ஓடும். வாசனையைச் சுமந்து வருவதும் தொண்டையில் சுரீரென்று படுவதும் அதுதான். கிளிசரின் பாகு மாதிரி கெட்டியானது, லேசாக இனிக்கும், வெண்புகையைக் கூட்டும். கிளைக்கோல் 188 பாகை செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290 பாகையில் கொதிக்கும். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கருவிக்குள் இருப்பது பேட்டரி, ஒரு சிறு கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு ஜூஸை உறிஞ்சிக் கொடுக்கும், கம்பி சுட்டு ஆவியாக்கும். எவ்வளவு சுடும் என்பது பள்ளியில் படித்த மின்சாரக் கணக்குதான். மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, கம்பியின் மின்தடையால் வகுத்தால் வாட் கிடைக்கும். 3.7 வோல்ட் பேட்டரியில் 1.5 ஓம் கம்பி வைத்தால் சுமார் 9 வாட். அதே பேட்டரியில் 0.5 ஓம் கம்பி வைத்தால் 27 வாட்டுக்கும் மேல். தம்பியின் கருவிக்கும் அண்ணனின் கருவிக்கும் வெளியில் பார்க்க அதிக வித்தியாசம் இருக்காது. உள்ளே சூடு மூன்று மடங்கு. (நான் படித்தது வெகுஜனத் தொடர்பு, பௌதிகம் அல்ல. இந்தக் கணக்கு எனக்கே புரிகிறது என்றால் உங்களுக்கும் புரியும்.)

சூட்டுக்கும் சுவைக்கும் என்ன தொடர்பு என்பதை வீட்டில் சமைப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொத்தமல்லித் தழையை அடுப்பை அணைத்த பிறகுதான் தூவுகிறோம், முன்பே போட்டால் வாசனை ஓடிவிடும். பட்டையும் கிராம்பும் எண்ணெயில் பொரிந்தால்தான் மணக்கும். வேப் ஜூஸிலும் அப்படித்தான். எலுமிச்சை, மாம்பழம் போன்ற பழ வாசனைகள் இலேசானவை, குறைந்த வாட்டில் தெளிவாகத் தெரியும். சூட்டைக் கூட்டினால் அவை மங்கி, கிளிசரினின் இனிப்பு மட்டும் மேலே நிற்கும். கஸ்டர்ட், கேரமல், வெனிலா போன்றவை கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் முழுதாக வரும் என்பது வீட்டில் கலக்குபவர்களின் அனுபவம். காற்றுத் துளையை அகலத் திறந்தால் ஆவி குளிர்ந்து, சுவை நீர்த்துப்போகும். பாதி மூடினால் சுவை அடர்த்தியாகும், கூடவே கம்பியின் சூடும் ஏறும்.

இனி அந்தக் கருகலுக்கு வருகிறேன். சோற்றுப் பானையில் தண்ணீர் இருக்கும் வரை அடி பிடிக்காது. தண்ணீர் கொதித்து ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் வற்றிய அடுத்த நிமிடம் அடி பிடிக்கும். கம்பிச்சுருளிலும் இதே கதைதான். பஞ்சு ஈரமாக இருக்கும் வரை சூடு ஜூஸின் கொதிநிலையைத் தாண்டி அதிகம் போகாது. வாட்டைக் கூட்டி, இடைவெளி விடாமல் இழுத்தால் பஞ்சு உறிஞ்சும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடிவிடும். கிளிசரின் அதிகமான கெட்டி ஜூஸ் என்றால் இன்னும் சீக்கிரம் வறளும். தம்பி தன் கருவிக்கு ஏற்றபடி கலக்கிய ஜூஸ் அண்ணனின் சிறிய பஞ்சில் ஏறாமல் நின்றிருக்கலாம். அப்படியென்றால் ஜூஸிலும் குறையில்லை, கருவியிலும் குறையில்லை, இரண்டுக்கும் பொருத்தம்தான் இல்லை.

வறண்ட கம்பியில் நடப்பது வெறும் சுவைக்கேடு அல்ல. அளவுக்கு மீறிச் சுட்ட கிளிசரின் உடைந்து அக்ரோலின் உண்டாகிறது. எண்ணெய்ச் சட்டி கருகும்போது கண்ணையும் மூக்கையும் எரிக்கிறதே, அந்தப் புகையில் இருப்பதும் அதுதான். ஃபார்மால்டிஹைடும் உருவாகிறது. 2015இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கருவியைச் சோதித்தார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு தரும் சேர்மங்கள் தென்படவில்லை. 5 வோல்ட்டில் தாராளமாகத் தென்பட்டன. உடனே மறுப்பும் வந்தது. அந்த வோல்ட்டில் அந்தக் கருவியை எந்த மனிதனும் தொடர்ந்து இழுக்க மாட்டான், கருகல் சுவையிலேயே கீழே வைத்துவிடுவான் என்றார்கள் எதிர்த்தரப்பு ஆய்வாளர்கள். எனக்கு இரு தரப்பும் ஒரே விஷயத்தைச் சொல்வதாகவே படுகிறது. கருகல் சுவைதான் அபாய மணி, அது அடித்தால் நிறுத்த வேண்டும்.

இங்கேதான் வீட்டுக் கலவையில் எனக்குப் பயம் வருகிறது. கருகல் வந்தால் பலர் வாட்டைக் குறைப்பதில்லை. இனிப்பைக் கூட்டுகிறார்கள்! சுக்ரலோஸ் என்ற செயற்கைச் சீனி சூட்டில் சிதையும், கம்பியில் கரியாகப் படியும். படிந்த கரி அடுத்த இழுப்பில் மறுபடி சுடும். மணியை அடிக்க விடாமல் துணியைச் சுற்றி வைப்பது போன்ற வேலை இது.

இன்னொன்று, கேக் கடையில் விற்கும் எசன்ஸை ஊற்றுவது. சாப்பிடத் தகுந்தது என்றால் வயிற்றுக்குத் தகுந்தது என்றே பொருள், நுரையீரலுக்கு அல்ல. வெண்ணெய் மணம் தரும் டையசெட்டைல் இதற்கு நல்ல உதாரணம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் மூச்சுக்குழாய்களைப் பாதித்தது அதன் ஆவிதான் என்று பிறகு தெரியவந்தது. 2015இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சோதித்த 51 வகைச் சுவை மின்சிகரெட்டுகளில் 39இல் டையசெட்டைல் இருந்தது. எண்ணெய் கலந்த எசன்ஸ் இன்னும் மோசம். 2019இல் அமெரிக்காவில் வேப் தொடர்பான நுரையீரல் நோய் பரவியபோது, 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது, அவர்களில் 68 பேர் இறந்தார்கள். கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவத்தில் கலந்திருந்த எண்ணெய்த்தன்மையுள்ள வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணமாக அடையாளம் காணப்பட்டது. எண்ணெய் ஆவியாகி மறைவதில்லை, நுரையீரலில் போய்த் தங்கும்.

சுத்த நிக்கோட்டின் திரவத்தை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தோல் வழியாகவே உடலில் ஏறும். பழ மணம் வீசும் சிறு போத்தல் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் இருக்கவே கூடாது.

கருவியில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இருந்தால் போதாதா என்று இன்னொரு நேயர் கேட்டிருந்தார். நிக்கல், டைட்டேனியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளின் மின்தடை சூடு ஏற ஏற மாறும். அதை அளந்து, வைத்த எல்லையில் மின்சாரத்தைக் குறைக்கும் கருவிகள் உண்டு. வறண்ட இழுப்பைத் தவிர்க்க உதவும், உண்மை. ஆனால் சாதாரணக் காந்தல் கம்பியைப் போட்டுவிட்டு இந்த வசதியை நம்பினால் பயனில்லை, அந்தக் கம்பியின் தடை பெரிதாக மாறாது. எந்த வசதி இருந்தாலும் ஜூஸில் என்ன கலந்திருக்கிறது என்று கருவிக்குத் தெரியவும் தெரியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம், ஆகவே அங்குள்ள வாசகர்களுக்கு வாட் கணக்கே தேவையில்லை. மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதைத் தடுக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் திரெங்கானு, பகாங், பெர்லிஸ் மாநிலங்கள் விற்பனைக்கே தடை போட்டன.

கிள்ளான் நேயருக்கு: நீங்கள் சிகரெட்டை விட்டவர் என்று சொன்னீர்கள், மகிழ்ச்சி. முதலில் கருகிய பஞ்சையும் கம்பியையும் மாற்றுங்கள். கம்பியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவில் குறைந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். இரண்டு இழுப்புக்கு நடுவே பஞ்சு நனைய நேரம் கொடுங்கள். அப்படியும் கருகினால் அந்த ஜூஸைக் கொட்டிவிடுங்கள், தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இதையும் விட வேண்டும் என்று தோன்றும் நாளில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை பற்றிக் கேளுங்கள்.