ட்வெல்வ் ஆங்ரி மென்: பேச்சால் நகரும் குற்றக்கதை

'ட்வெல்வ் ஆங்ரி மென்' 1957இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். ரெஜினால்ட் ரோஸ் 1954இல் தொலைக்காட்சிக்கு எழுதிய நாடகத்தைத் தழுவியது. சிட்னி லூமெட் இயக்கிய முதல் திரைப்படமும் இதுவே. 96 நிமிடங்களில் சில நிமிடங்கள் தவிர மற்றவை எல்லாம் நியூயார்க் நீதிமன்றத்தின் ஓர் அறைக்குள் நடக்கின்றன. கொலை காட்டப்படுவதில்லை. துரத்தலும் இல்லை. பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள்.

தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகப் பதினெட்டு வயது இளைஞன் மீது வழக்கு. ஜூரிகள் சட்டம் படித்தவர்கள் அல்லர், பொதுமக்களிலிருந்து அழைக்கப்பட்டவர்கள். எல்லோரும் ஒருமித்துக் 'குற்றவாளி' என்றால் அவனுக்கு மரண தண்டனை. முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் அப்படியே சொல்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாம் ஜூரி மட்டும் உடன்படவில்லை. ஆனால் பையன் நிரபராதி என்றும் அவர் சொல்வதில்லை. எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் பேசுவோம் என்கிறார், அவ்வளவுதான். மாணவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் படம் முழுவதும் விளங்கிவிடும். அவர் கேள்வி கேட்கிறார். மற்றவர்கள் முடிவுகளைச் சொல்கிறார்கள். நேரம் போகப்போக அவர்கள் வாயிலும் கேள்விகள் வரத் தொடங்குகின்றன.

ஓர் இடத்தைப் பார்ப்போம். 'உன்னைக் கொல்லப்போகிறேன்' என்று பையன் கத்தியதைக் கேட்டதாகவும், பதினைந்து நொடிகளில் கதவருகே சென்று அவன் ஓடுவதைப் பார்த்ததாகவும் கீழ்வீட்டு முதியவர் சாட்சி சொல்லியிருக்கிறார். முதியவருக்கோ கால் சரியில்லை. எட்டாம் ஜூரி அந்தத் தூரத்தை அறைக்குள் அளந்து, அவரைப்போலவே நடந்து காட்டுகிறார். 41 நொடிகள் ஆகின்றன. ஆத்திரமடைந்த மூன்றாம் ஜூரி (லீ ஜே. காப்) அவர்மீது பாய்ந்து, கொன்றுவிடுவேன் என்று அலறுகிறார். உண்மையில் கொல்லப்போவதில்லையே என்று எட்டாம் ஜூரி அமைதியாகக் கேட்கிறார். அறை அடங்கிப்போகிறது. கோபத்தில் வரும் சொல் கொலைக்குச் சான்றாகுமா என்ற கேள்விக்கு, பையனைக் குற்றம் சாட்டியவரே விடையாகிவிட்டார். வசனம் இங்கே தகவல் சொல்வதில்லை, ஒரு சாட்சியத்தையே உடைக்கிறது.

சிறிய இடம் ஒன்று, மொழி ஆசிரியர்கள் ரசிப்பது. பையனுக்கு நல்ல ஆங்கிலம்கூடத் தெரியாது என்று பத்தாம் ஜூரி இலக்கணப் பிழையோடு ஏளனம் செய்கிறார். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய கடிகாரக்காரரான பதினோராம் ஜூரி அந்தப் பிழையைத் திருத்திச் சொல்கிறார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை.

ஒளிப்பதிவும் பேச்சுக்குத் துணைநிற்கிறது. தொடக்கத்தில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. பிறகு மெல்லத் தாழ்ந்து, முடிவில் கூரை தெரியுமளவுக்குக் கீழே வருகிறது. லென்ஸ்களும் மாறுகின்றன. அறை சுருங்கி வருவதாகத் தோன்றுவது இதனால்தான்.

இரண்டாம் முறை பார்க்கும்போது பேசுபவரை விட்டுக் கேட்பவர்களின் முகங்களைப் பாருங்கள். நான்காம் ஜூரி மூக்கைத் தேய்ப்பதை ஒன்பதாம் ஜூரியான முதியவர் கவனிக்கிறார். அதிலிருந்து முக்கியச் சாட்சி ஒன்று ஆட்டம் காண்கிறது. எப்படி என்பதைப் படத்திலேயே காண்க.

குறையும் உண்டு. எட்டாம் ஜூரி தாமே வெளியே ஒரு கத்தி வாங்கி வந்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். நீதிமன்றத்தில் வைக்கப்படாத சான்றை ஜூரி கொண்டுவருவது முறையன்று. காட்சியின் வேகத்தில் இது நமக்கு உறைப்பதில்லை. கொன்றது யார் என்பதையும் படம் கடைசிவரை சொல்வதில்லை.

பாசு சாட்டர்ஜி இதை 1986இல் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்று இந்தியில் எடுத்தார்.