வளைகுடா அட்டையும் நாலு நாள் லீவும்

சென்னையில் இருக்கும் ஒருவர் ஜார்ஜியாவைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று, ஓட்டல் முன்பதிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவருடைய தம்பி துபாயில் வேலை பார்க்கிறவர் என்றால் கதை வேறு. இருவரிடமும் இருப்பது அதே நீல நிற இந்திய பாஸ்போர்ட்தான். ஆனால் தம்பியின் பர்ஸில் எமிரேட்ஸ் ஐடி என்ற வசிப்புரிமை அட்டை இருக்கிறது. வளைகுடாவின் ஆறு நாடுகளில் வசிப்புரிமை பெற்றவர்களை ஜார்ஜியா பல ஆண்டுகளாக விசா இல்லாமலே உள்ளே விட்டுவருகிறது. 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம்.

சவூதியில் இந்த அட்டைக்கு இக்காமா என்று பெயர். ஓமானிலும் குவைத்திலும் பத்தாக்கா என்பார்கள். பெயர் எதுவானாலும், வேலைக்காகக் கொடுத்த அட்டை இன்று ஊர் சுற்றவும் உதவுகிறது. முன்பெல்லாம் வளைகுடாவுக்குப் போனவருக்கு வேலை செய்யும் ஊர், சொந்த ஊர் என இரண்டே ஊர்கள். இரண்டுக்கும் நடுவே விமான நிலையம். இப்போது பெருநாள் லீவு நெருங்கினால் பேச்சிலர் அறைகளிலும் தாயகத்துக்கு டிக்கெட் பார்ப்பவர்களுக்கு இணையாக ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்கும் அசர்பைஜானின் பாகுவுக்கும் கஸகஸ்தானின் அல்மாட்டிக்கும் டிக்கெட் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

காரணம் எளிய கணக்குதான். அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. தனியார் நிறுவனங்களில் பலவும் பின்தொடர்ந்தன. ஹஜ் பெருநாளுக்கு அரஃபா நாளையும் சேர்த்து நான்கு நாள் விடுமுறை. டிசம்பர் 2, 3 தேசிய தினம் வாரக் கடைசியை ஒட்டி வந்தால் அதுவும் நான்கு நாள். நாலு நாளில் ஊருக்குப் போய் உறவினர் வீடுகளில் தலைகாட்டிவிட்டுத் திரும்புவது பெரும்பாடு. துபாயிலிருந்து மூன்றரை மணி நேரப் பறப்பில் திபிலிசி வந்துவிடுகிறது. சுடுகாற்றிலிருந்து கிளம்பியவர் அன்று மாலையே ஸ்வெட்டர் தேடுகிறார்.

ஏஜென்சிகள் விற்கும் பேக்கேஜில் போனால் பஸ், கைடு, இந்தியச் சாப்பாடு எல்லாம் அடக்கம். தனியாகப் போகிறவர்கள் திபிலிசியின் திதூபே பேருந்து நிலையத்துக்குப் போய் மர்ஷ்ருத்கா என்ற சிற்றுந்தைப் பிடிக்கிறார்கள். நம்மூர் மினி பஸ் போலத்தான்: ஆள் நிறைந்தால் வண்டி கிளம்பும். வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில் ஸ்தெபான்ஸ்மிந்தா. பலரும் அதைப் பழைய பெயரில் கஸ்பேகி என்றே சொல்வார்கள். அந்த ஊருக்கு மேலே, 2,170 மீட்டர் உயரத்தில் கெர்கெட்டித் தேவாலயம் தனியாக நிற்கிறது. ஏறிப் போகலாம், வாடகை ஜீப்பும் உண்டு. ரஷ்யாவுக்குப் போகும் லாரிகளுக்கும் இதே மலைப்பாதைதான் வழி. பனிக்காலத்தில் பனி சரிந்தால் சாலையை மூடிவிடுவார்கள். ஆகையால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் திபிலிசியிலேயே கழிப்பது விவரமறிந்தவர்களின் வழக்கம். சாப்பாட்டுக்குக் கவலை குறைவு. மருத்துவம் படிக்க வந்த இந்திய மாணவர்கள் ஏராளமாக இருப்பதால் திபிலிசியில் இந்திய உணவகங்கள் பெருகிவிட்டன.

விசா வேண்டாம் என்பதால் கேள்வியே கேட்கமாட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கையில் பணம் எல்லாவற்றையும் எல்லை அதிகாரி கேட்கலாம். திருப்தி இல்லையென்றால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பலாம். 2026 ஜனவரி முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு மருத்துவ, விபத்துக் காப்பீடும் கட்டாயம். இப்படி விதிகள் இறுகிவருவதால், போன வருஷம் போய்வந்த நண்பரின் அனுபவத்தை மட்டும் நம்பி டிக்கெட் போடுவது ஆபத்து.

காக்கசஸ் பகுதியின் ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான் என்ற மூன்று நாடுகளையும் ஒரே மூச்சில் பார்க்க நினைப்பவர்கள் வரைபடத்தோடு அரசியலையும் பார்த்தாக வேண்டும். ஆர்மீனியாவுக்கும் அசர்பைஜானுக்கும் இடையிலான எல்லை 1990-களின் தொடக்கத்தில் மூண்ட போரிலிருந்தே மூடிக்கிடக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறவர் ஜார்ஜியா வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். 2020-இல் கொரோனாவுக்காக மூடிய தரை எல்லைகளை அசர்பைஜான் அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் பயணிகளுக்குத் திறக்கவில்லை. அதனால் பாகுவுக்கு விமானம்தான் வழி. திபிலிசியிலிருந்து ஆர்மீனியத் தலைநகர் யெரவானுக்குப் போவது சுலபம்: சாலை வழியே ஐந்தாறு மணி நேரம், இரவு ரயிலும் உண்டு.

யெரவான் போகும் தமிழருக்கு ஒரு பழைய உறவும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ அச்சானது சென்னையில். ஆண்டு 1794, நடத்தியவர் ஹரூத்யுன் ஷ்மவோன்யான் என்ற பாதிரியார். ஜார்ஜ் டவுனின் அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் ஆர்மீனியத் தேவாலயம் 1772-இல் மறுபடி கட்டப்பட்டது. பரங்கிமலைப் படிக்கட்டுகளை அமைத்துக் கொடுத்த கோஜா பெத்ருஸ் உஸ்கானும் ஆர்மீனிய வணிகர்தான். ஒருகாலத்தில் பிழைப்புக்காக அவர்கள் சென்னைக்கு வந்தார்கள். வேறொரு பிழைப்பூரிலிருந்து இன்று தமிழர்கள் அவர்கள் ஊரைப் பார்க்கப் போகிறார்கள்.

விமானச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குச் சாலை இருக்கிறது. அமீரகத்துக்காரர்களின் முதல் வெளிநாடு பெரும்பாலும் ஓமான்தான். ராசல் கைமாவைத் தாண்டினால் முசந்தம்; ஓமானின் மற்றப் பகுதியோடு ஒட்டாமல் ஹோர்முஸ் நீரிணையின் ஓரத்தில் தனியே கிடக்கும் மலைநிலம். கசாப் ஊரிலிருந்து மரப்படகில் போனால் டால்ஃபின்கள் கூடவே நீந்திவரும். சொந்தக் காரில் போகிறவர்கள் ஓமானில் செல்லுபடியாகும் காப்பீட்டுக்கான ஆரஞ்சு கார்டை எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகைக் காருக்கு நிறுவனத்தின் என்ஓசி தேவை. தெற்குக் கோடியிலுள்ள சலாலா மஸ்கட்டிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை வளைகுடா முழுவதும் கொதிக்கும்போது அங்கே மட்டும் தூறல், மூடுபனி, பச்சை மலை. கரீஃப் எனப்படும் அந்தப் பருவத்தைத் தருவது நமக்கும் மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று. சாலையோரக் கடைகளில் இளநீரும் வாழைப்பழமும் தொங்குவதைப் பார்க்கும் தமிழர்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும்.

சவூதியின் கதவு தாமதமாகத் திறந்தது. ஆறு நாடுகளின் வசிப்புரிமையாளர்களும், என்ன தொழில் செய்தாலும், இணையத்தில் சுற்றுலா விசா எடுக்கலாம் என்று 2023 மார்ச்சில் அறிவித்தது. அதற்கு முன் அட்டையில் எழுதியிருக்கும் தொழிலின் பெயர் பெரிய தடை. அந்த விசாவிலேயே, ஹஜ் காலம் தவிர, உம்ராவும் செய்யலாம் என்பதால் முஸ்லிம் தொழிலாளர்களுக்கு இது இரட்டை வாய்ப்பு.

சவூதியிலிருந்து வெளியே போவது வேறு கணக்கு. தம்மாம், அல்கோபர் வாசிகளுக்குப் பக்கத்து நாடு பஹ்ரைன். 1986-இல் திறந்த 25 கிலோமீட்டர் மன்னர் ஃபஹத் கடல்பாலத்தைக் கடந்தால் போதும். சவூதியில் 2018 ஏப்ரலில் திரையரங்கு திறக்கும் வரை, படம் பார்ப்பதற்கென்றே வாரக் கடைசியில் பாலம் தாண்டியவர்கள் உண்டு. ஆனால் இக்காமா வைத்திருப்பவர் எந்த எல்லையைக் கடந்தாலும் ‘எக்ஸிட் ரீ-என்ட்ரி’ அனுமதி எடுத்தாக வேண்டும். ஒருமுறை போய்வர இரண்டு மாதத்துக்கு 200 ரியால். பலமுறை போய்வர மூன்று மாதத்துக்கு 500 ரியால். 2021 சீர்திருத்தத்துக்குப் பிறகு தொழிலாளியே அதற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் கஃபீல் எனப்படும் பொறுப்பு முதலாளியின் சம்மதம் இல்லாமல் பாலத்தின் பக்கமே போக முடியாது.

ஆக, அட்டை ஒன்றாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. அதில் நாலைக் கிள்ளி எடுப்பார். லேபர் கேம்ப்பில் இருப்பவருக்கும் அமீரகச் சட்டம் அதே 30 நாளைத்தான் தருகிறது. ஆனால் அவர் அதை அப்படியே சேர்த்துவைத்து ஊருக்குப் போகவேண்டியவர். நான்கு நாள் சுற்றுலாவின் செலவு அவர் வீட்டுக்கு அனுப்பும் ஒரு மாதப் பணத்தை விழுங்கிவிடும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று ஆபீஸ் பெட்டியில் பூட்டிவைக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன.

ஆறு நாடுகளுக்கும் ஒரே சுற்றுலா விசா என்ற திட்டத்துக்கு 2023 நவம்பரில் மஸ்கட்டில் கூடிய உள்துறை அமைச்சர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். அதன்பிறகு பலமுறை தேதி தள்ளிப்போனது. அது நடைமுறைக்கு வந்தால், நாட்டுக்கு நாடு தனித்தனி விசாவும் கட்டணமும் குறையும். லீவுக்குக் கையெழுத்துப் போடும் மேனேஜரையும், பாஸ்போர்ட் பூட்டியிருக்கும் பெட்டியின் சாவியையும் அந்த விசா ஒன்றும் செய்ய முடியாது.