கடலடி மணற்கல்லும் கோலார் தரும் பாடமும்

கோலார் தங்க வயல் என்றவுடன் ஆழ்சுரங்கம் நினைவுக்கு வரும். கடல் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும், அங்குள்ள கரும்பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பிலிருந்து தோன்றியவை. நீருக்குள் சட்டென்று குளிர்ந்த குழம்பு தலையணைகளை அடுக்கியதுபோல் இறுகிய வடிவத்தை அப்பாறைகளில் இன்றும் காணலாம். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளும் இப்பாறைப்பட்டையின் தென்பகுதி தமிழகத்தின் கிருஷ்ணகிரி மாவட்டத்தை எட்டுகிறது.

அப்பழங்கடல்கள் எரிமலைப் பாறையை மட்டும் விட்டுச் செல்லவில்லை. கர்நாடகத்தின் சித்திரதுர்கா, ராணிபென்னூர், கதக் பகுதிகளில் ‘கிரேவாக்’ எனப்படும் சாம்பல்நிற மணற்கல் பரந்து கிடக்கிறது. 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இக்கல் ஆழ்கடலில் படிந்ததாகும்.

ஆழ்கடலில் மணல் சேர்வது எவ்வாறு?

அலைகளும் ஆறுகளும் மணலைக் கரையோரத்தில்தான் சேர்க்கின்றன. அவ்வாறு குவிந்த மணலும் சேறும் நிலநடுக்கத்தாலோ தம் பளுவாலோ சரியும்போது, நீருடன் கலந்து அடர்ந்த கலங்கல் நீரோட்டமாகி, சரிவில் பாய்ந்து ஆழ்கடல் தரையை அடைகின்றன. வேகம் தணிந்ததும் முதலில் பருமணலும், பின்னர் நுண்மணலும், இறுதியில் களிமண்ணும் படிகின்றன. ஒவ்வொரு சரிவும் இத்தகைய ஓர் அடுக்கை விட்டுச் செல்கிறது.

1929-இல் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டபொழுது, தந்திக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அவை அறுந்த நேரங்களைக் கொண்டு 1952-இல் ஹீசன், யூயிங் என்னும் அறிஞர்கள் அந்நீரோட்டத்தின் வேகத்தைக் கணித்தனர். பருமணல் கீழும் நுண்மணல் மேலுமாக அமைந்த கதக் பாறைகளும் இத்தகைய நிகழ்ச்சிகளின் பதிவேயாகும்.

மணற்கல்லில் பொன்

பொன் மணலோடு வந்து படிந்ததன்று. பிற்காலத்தில் பாறைகள் நெருக்குண்டு மடிந்தபொழுது, ஆழத்திலிருந்து எழுந்த வெந்நீர்க் கரைசல்கள் வெடிப்புகளில் புகுந்து, வெண்படிகக் கல்லோடு பொன்னையும் விட்டுச் சென்றன. கோலாரில் எரிமலைப் பாறை இதற்கு இடம் தந்தது. கதக்கில் எரிமலைப் பாறையில் மட்டுமின்றி, கிரேவாக்கிலும் பொன் நரம்புகள் உள்ளன. களிமண் அடுக்கு வளைந்துகொடுக்க, மணற்கல் வெடித்து வழிவிடுவதே காரணம். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ வயல், ஆழ்கடல் மணற்கல் அடுக்குகளிலிருந்தே 600 டன்னுக்கு மேல் பொன் தந்தது. ஆகவே பொன் தேடுவோர் கோலார் போன்ற பாறையை மட்டும் நாடினால் போதாது.

வயல் ஓய்ந்த பின்

தேடலைவிடக் கடினமான வினா ஒன்று உண்டு: பொன் தீர்ந்தபின் என்ன? கோலாரில் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய பணி, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, சுமார் 800 டன் பொன் ஈட்டியது. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தனர். ஆழம் பெருகப் பெருகச் செலவு உயர்ந்தது. தாதுவின் தரமோ தாழ்ந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியவை மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண்ணைத் தாங்கிய ‘சயனைடு மேடுகளும்’, நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்லும் மக்களுமே.

சுரங்கத்தை மூடுவதற்கான திட்டம் முன்னதாகவே வகுக்கப்பட வேண்டும் என்பது நம் நாட்டில் 2003-இல்தான் கட்டாயமாயிற்று. 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளைத் தோற்றுவித்தது. ஏலத்தில் குத்தகை பெற்றோர் அரசுரிமைத் தொகையில் 10 விழுக்காட்டையும், அதற்கு முன் பெற்றோர் 30 விழுக்காட்டையும் இவற்றுக்குக் கூடுதலாகச் செலுத்துகின்றனர். இவ்விரு ஏற்பாடுகளும் கோலாருக்குக் காலங்கடந்து வந்தவை. இனித் தொடங்கும் சுரங்கங்களுக்கு உரிய காலத்தில் வந்தவை.

கதக்கின் பொன் நரம்புகளை அடுத்துள்ள கப்பத்தகுட்டா மலை 2019-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு நிலத்தடிச் செல்வத்தோடு நிலத்தின் மேலுள்ள செல்வத்தையும் எடைபோட வேண்டியுள்ளது.

பெயரில் ‘வயல்’ இருப்பினும், கோலாரில் மறு விளைச்சல் இல்லை. தாது செழித்திருக்கும் ஆண்டுகளிலேயே அதன் வருவாயில் ஒரு பகுதியைக் கல்விக்கும், மாற்றுத் தொழிலுக்கும், மண் சீரமைப்புக்கும் ஒதுக்குவதே திட்டமிடுதலின் கடமையாகும்.