நகராத சைக்கிளில் ஆல்ப்ஸ் மலை ஏறலாமா?

வா கண்ணு, உட்கார். இன்றைக்கு ஒரு விசித்திரமான சைக்கிளைப் பற்றிப் பேசுவோம்.

அதற்கு ஒரே ஒரு சக்கரம்தான். அதுவும் தரையைத் தொடாது. மணி கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, பஞ்சரும் ஆகாது. மணிக்கணக்கில் மிதித்தாலும் போட்ட இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராது. ஸ்பின் பைக் என்று பெயர். உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பாய். இப்போது பல வீடுகளுக்கும் வந்துவிட்டது.

அதன் கைப்பிடிக்கு மேலே ஒரு டேப்லெட்டை வைத்து, ஸ்விஃப்ட் என்ற செயலியைத் திறக்கிறார்கள். திரையில் வாட்டோபியா என்று ஒரு கற்பனைத் தீவு விரிகிறது. பசிபிக் கடலில் சாலமன் தீவுகள் இருக்கும் இடத்தில் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். அங்கே ஓர் எரிமலை உண்டு. 21 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஒரு மலைப்பாதையும் உண்டு. பிரான்ஸ் நாட்டில், ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஆல்ப் துவெஸ் என்ற உண்மையான ஏற்றத்தைப் பார்த்து அதை வரைந்தார்கள். 1952-இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி முதன்முதலாக அங்கே ஏறியது.

நீ வேகமாக மிதித்தால் திரையில் இருக்கும் பொம்மை வேகமாக ஓடும். நிறுத்தினால் அதுவும் நிற்கும். மேடு வந்தால் திணறும்.

“மிதிப்பது நான். அந்தப் பொம்மைக்கு எப்படித் தெரியும்?”

கேட்டாயா! இந்தக் கேள்வி வந்ததே, அதற்கே உன் முதுகில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பெரியவர்கள் பலர் பணம் கொடுத்து வாங்கி, வியர்க்க வியர்க்க ஓட்டி, இதை ஒருநாளும் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

முதலில் சைக்கிளைப் பார்ப்போம். முன்னால் தட்டு மாதிரி ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருக்கிறதே, அதற்கு பிளைவீல் என்று பெயர். எதற்கு அவ்வளவு கனம்? உன் கால் எப்போதும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை. பெடல் முன்பக்கம் வரும்போது நன்றாக அழுத்துவாய். உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலுக்கு அவ்வளவு பிடிப்பு இருக்காது. அந்த இரண்டு இடத்திலும் சுழற்சி தடுக்கி நிற்காமல், கனத்த சக்கரம் தன் வேகத்தாலேயே பெடலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கனமான பொருள் ஓட ஆரம்பித்தால் லேசில் நிற்காது, தெரியுமல்லவா?

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. உன் தெருச் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடல் சும்மா நிற்கும். பெரும்பாலான ஸ்பின் பைக்கில் நிற்காது. சக்கரமும் பெடலும் ஒட்டிப் பிறந்தவை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றி உன் காலை இழுக்கும். நிறுத்த வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் குமிழைக் கீழே அழுத்த வேண்டும், அதுதான் பிரேக். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் ஏறாதே. சுற்றும் சக்கரத்துக்குப் பக்கத்தில் விரலை நீட்டாதே. உன் தம்பி தங்கையையும் நெருங்கவிடாதே.

அதே குமிழைத் திருகினால் மிதிப்பது கடினமாகும். எப்படி? விலை குறைந்த சைக்கிளில் ஒரு கம்பளிப் பட்டை சக்கரத்தின் மேல் அமுங்கும். வெறும் உராய்வுதான். கொஞ்சம் விலை கூடியதில் பட்டை கிடையாது, காந்தங்கள் இருக்கும். அவை சக்கரத்தைத் தொடவே தொடாது! அருகில் வரும், அவ்வளவுதான். ஆனாலும் சக்கரம் இழுபடும்.

காந்தத்துக்கு அருகில் உலோகம் ஓடினால் அந்த உலோகத்துக்குள்ளே சின்னச் சின்னச் சுழல்களாக மின்சாரம் பிறக்கிறது. சுழல் மின்னோட்டம் என்பார்கள். அந்தச் சுழல்கள் தாமே காந்தமாக மாறி, ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். இதை உன் அறிவியல் ஆசிரியரிடம் செய்துகாட்டச் சொல். தடித்த செம்புக் குழாய்க்குள் ஒரு வலிமையான காந்தத்தைப் போட வேண்டும். செம்பைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் அது விழாமல் மெல்ல மெல்ல மிதந்து இறங்கும். நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத வேடிக்கை அது.

சரி, பொம்மைக்கு வருவோம். விலை குறைந்த ஸ்பின் பைக்குக்குச் செயலியோடு பேசத் தெரியாது. பேச வைக்க ஒரு குட்டி சென்சாரை வாங்கி, பெடல் மாட்டியிருக்கும் தண்டில் கட்டுகிறார்கள். அதற்குள் ஒரு நாணய பேட்டரி, அசைவை உணரும் ஒரு சில்லு. செல்போனைச் சாய்த்துச் சாய்த்து கார் பந்தயம் விளையாடுகிறாயே, அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கும் சில்லும் இந்த வகைதான். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, புளூடூத் வழியாக டேப்லெட்டுக்கு அனுப்பிவிடும்.

இதுவரை புரிந்ததா? அப்படியென்றால் இப்போது உனக்கு ஒரு சிக்கல் தருகிறேன்.

குமிழைத் தளர்த்திவிட்டு நிமிடத்துக்கு 80 சுற்று மிதி. காற்றாடி மாதிரி சுற்றும், மூச்சே வாங்காது. இப்போது குமிழை நன்றாக இறுக்கிவிட்டு அதே 80 சுற்று மிதி. தொடை எரியும், முகம் சிவக்கும். சென்சாரைக் கேள். இரண்டு தடவையும் என்ன சொல்லும்?

80. இரண்டு தடவையும் 80!

உன் கால் பட்ட பாடு அதற்குத் தெரியவே இல்லை. எவ்வளவு வேகமாகச் சுற்றினாய் என்று அதற்குத் தெரியும். எவ்வளவு அழுத்திச் சுற்றினாய் என்று தெரியாது. சில செயலிகள் இந்தச் சுற்றுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சாலை வீடியோவை ஓட்டிக் காட்டும். பொழுது போகும். ஆனால் மலையேற்றத்தைச் சரியாகக் கணக்கிட வேகமும் விசையும் இரண்டுமே வேண்டும். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் திறன். அதை வாட் என்ற அலகில் அளக்கிறோம்.

ஒரு வாட் எவ்வளவு? கால் கிலோ எடையுள்ள ஒரு மாம்பழத்தைத் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரே நொடியில் தூக்கு. ஏறத்தாழ ஒரு வாட். 100 வாட் என்றால்? 100 மாம்பழம், அதாவது 25 கிலோ கூடை. அதை ஒரு தடவை தூக்கினால் போதாது, ஒவ்வொரு நொடியும் ஒன்று தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டிப் பழகிய பெரியவர்கள் இதை ஒரு மணி நேரம் சுலபமாகச் செய்துவிடுவார்கள். மனிதக் கால் லேசுப்பட்டதா என்ன!

அழுத்தும் விசையை எப்படி அளப்பது? கேட்டால் சிரிப்பாய். நீ மிதிக்கும்போது பெடலின் எஃகுத் தண்டு வளைகிறது. ஆமாம், எஃகுதான்! கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, காலை எடுத்ததும் நிமிர்ந்துவிடும். அந்தத் தண்டின் மேல் மெல்லிய உலோக இழை ஒன்றை ஒட்டிவைக்கிறார்கள். தண்டு வளைந்தால் இழை நீளும். நீண்டால் மெலியும். மெலிந்த கம்பியில் மின்சாரம் ஓடுவது கடினம் என்று நீ படித்திருப்பாய். ஆக, மின்தடை எவ்வளவு கூடியது என்று பார்த்தால் எவ்வளவு அழுத்தினாய் என்று சொல்லிவிடலாம். 1938-இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். மளிகைக் கடை மின்தராசுக்குள்ளும் இதே சூட்சுமம்தான்.

இப்படி அளக்கும் பெடலைச் சாதாரண ஸ்பின் பைக்கிலும் மாட்டலாம். ஆனால் விலையைக் கேட்காதே. பல நேரம் சைக்கிளைவிடப் பெடல் விலை அதிகம்! அதனால் சில சைக்கிள்கள் குமிழ் இருக்கும் நிலையையும் சுற்று வேகத்தையும் வைத்து, “சுமார் இத்தனை வாட்” என்று ஊகித்துச் சொல்கின்றன. கம்பளிப் பட்டை சூடேறினாலும் தேய்ந்தாலும் அதன் பிடி மாறும், ஊகமும் தப்பும். என்னைக் கேட்டால், உடற்பயிற்சிக்கு அந்த ஊகமே போதும். பந்தயம் வைக்கும்போதுதான் வம்பு.

வாட் கிடைத்ததும் செயலியின் வேலை கணக்குப் போடுவது மட்டும்தான். நாமும் போட்டுப் பார்ப்போமா? வாட்டோபியாவின் அந்த மலைப்பாதை சுமார் 12 கிலோமீட்டர் நீளம், 1036 மீட்டர் உயரம். நீயும் சைக்கிளும் சேர்ந்து 50 கிலோ என்று வை. அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க 50 × 9.8 × 1036 (9.8 என்பது புவியீர்ப்பின் கணக்கு), அதாவது ஏறத்தாழ 5,08,000 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். எனவே நீ விடாமல் 100 வாட் கொடுத்தால் 5,080 நொடி. கிட்டத்தட்ட 85 நிமிடம்.

உன் மாமாவும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. அவரும் அதே 100 வாட் கொடுத்தால்? 135 நிமிடம்! நீ உச்சிக்குப் போய், இளைப்பாறி, இன்னொரு குட்டித் தூக்கமும் போடலாம். காற்றுத் தடையையும் சாலை உராய்வையும் சேர்த்தால் இருவருக்கும் இன்னும் கொஞ்சம் கூடும்.

சமதரையில் கதையே வேறு. அங்கே எடை பெரிய எதிரி இல்லை, காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த நான்கு மடங்கு எதிர்ப்பில், ஒவ்வொரு நொடியும் இரண்டு மடங்கு தூரம் போகிறாய். நான்கை இரண்டால் பெருக்கு. எட்டு மடங்கு திறன் வேண்டும்! மறுபடி ஒருமுறை படித்துப் பார், அவசரமில்லை.

அறைக்குள் ஏது காற்று என்கிறாயா? செயலி அதைக் கணக்கில் ஊதுகிறது. இன்னொரு பொம்மையின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டினால் காற்றுத் தடை குறைவதாகவும் கணக்கிடுகிறது.

ஒன்று மட்டும் உன் சாதாரண ஸ்பின் பைக்குக்குத் தெரியாது. திரையில் மேடு வந்தாலும் உன் பெடல் கனக்காது. விலை உயர்ந்த கருவிகளில் செயலியே காந்தத்தை முடுக்கி மேட்டை உணரவைக்கும். இங்கே மேடு வரும்போது நீயேதான் குமிழைத் திருகிக்கொள்ள வேண்டும். திருகாமல் அதே வேகத்தில் மிதித்தால் வாட் மாறாது, பொம்மை மட்டும் மெதுவாகும்.

இன்னொரு குறும்பும் இருக்கிறது. உன் எடையைச் செயலிக்குச் சொல்வது யார்? நீதான். 80 கிலோ மாமா 60 என்று பொய் சொன்னால் பொம்மை மலையில் பறக்கும். அதனால்தான் பெரிய போட்டிகளில் எடை பார்ப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் இந்தத் திரைச் சைக்கிளுக்கே முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. வீரர்கள் அவரவர் இருந்த இடத்திலிருந்தே வாட்டோபியாவில் மோதினார்கள். பெண்களில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ வென்றார். ஆண்களில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்பார்ன் யார் தெரியுமா? ஒரு படகோட்டி! அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டு வெள்ளிப் பதக்கமும் வாங்கினார்.

நீ ஓட்டும்போது மின்விசிறியை மறக்காதே. பெடலுக்கு 100 வாட் போக வேண்டுமென்றால் உன் உடம்பு அதற்கு மேல் 300 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். தெருவில் ஓட்டினால் எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உன்னைக் குளிர்விக்கும். செயலி கணக்கில் ஊதும் காற்று ஒரு சொட்டு வியர்வையைக்கூட உலர்த்தாது.

ஸ்பின் பைக் கிடைத்தால் ஒரு சோதனை செய். சென்சாரே வேண்டாம். சீட்டை உன் காலுக்கு எட்டும்படி இறக்கச் சொல். எட்டவில்லையென்றால் அக்காவையோ அப்பாவையோ ஏறச் சொல், நீ கணக்கெடு. வலது முழங்கால் மேலே வருவதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடச் சுற்று வந்துவிடும். குமிழைத் தளர்த்தி, 60 சுற்றில் மூன்று நிமிடம் ஓட்டியதும் மணிக்கட்டில் நாடியை எண்ணு. நன்றாக இளைப்பாறிய பிறகு குமிழைப் பாதி இறுக்கி, அதே 60 சுற்றில் மூன்று நிமிடம் ஓட்டி மறுபடி எண்ணு. இரண்டு எண்களையும் நோட்டில் எழுதிவை. அடுத்த மாதம் நாடியைப் பற்றிப் பேசும்போது அவை நமக்கு வேண்டும்.